பழைய எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து 13.8 வோல்ட்: புராஜெக்ட் வைவாவுக்குத் தயாரான விதம்

டிப்ளமோ மின்னணுவியல் இறுதியாண்டில் நாங்கள் நால்வர் சேர்ந்து எடுத்துக்கொண்ட புராஜெக்ட், பழைய கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) மாற்றியமைத்து, ஹாம் ரேடியோ என்னும் தனிநபர் பொழுதுபோக்கு வானொலிக் கருவிக்குத் தேவையான 13.8 வோல்ட் மின்வழங்கியாக ஆக்குவது. செலவு குறைவு என்பதால் இதே வேலையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று, எங்களுக்குப் புரியத் தாமதமானவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய பெட்டி வாங்கும்போது, மூடியைக் கழற்றிப் பார்க்கவிடும் கடையில் வாங்குங்கள். உள்ளே டி.எல்.494 அல்லது அதற்கு இணையான கே.ஏ.7500 என்னும், வெளியீட்டு மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் 16 கால் ஐ.சி. இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு காலும் என்ன செய்கிறது என்பதைப் பாடத்தோடு பொருத்திப் படிக்க முடிவதால், வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு அதைவிடத் தோதான ஐ.சி. வேறில்லை என்பது என் கருத்து.

நாங்கள் முதலில் செய்த தவறு, வேறொரு பலகைக்காக வரையப்பட்ட சர்க்யூட்டிலிருந்த ரெசிஸ்டர் மதிப்புகளை அப்படியே எங்கள் பலகையில் போட்டது. மின்வழங்கியை இயக்கப் பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு இணைத்ததும் ஃபேன் அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. ஐ.சி. போய்விட்டது என்று நினைத்து, இரண்டு நாள் ஐ.சி.யை மாற்றி மாற்றிப் பார்த்தோம், உண்மையில் ஐ.சி.யில் எந்தக் குறையும் இல்லை. 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே டிரான்ஸ்பார்மரின் சுற்றுகளிலிருந்து வருவதால், முன்னதை 13.8-க்கு உயர்த்தினால் பின்னதும் அதே விகிதத்தில் ஏறத்தாழ 5.75 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடுகிறது. மிகை மின்னழுத்தப் பாதுகாப்புச் சுற்று அதைக் கண்டு, தன் கடமைப்படி முழு மின்வழங்கியையும் நிறுத்தியிருக்கிறது.

இதன்பின் சர்க்யூட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, மல்டிமீட்டரோடு எங்கள் பலகையிலேயே முதல் காலைப் பின்தொடர்ந்தோம். ஐ.சி. முதல் காலின் மின்னழுத்தத்தை இரண்டாம் காலின் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும் வரை டிரான்ஸ்பார்மருக்குப் போகும் மின் துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எங்கள் பலகையில் இரண்டாம் காலில் 2.5 வோல்ட் இருந்தது. முதல் காலிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம்ஸ் இருந்தது. முதல் காலுக்கு 5 வோல்ட்டிலிருந்து வந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டால், 12 வோல்ட் பக்கத்து ரெசிஸ்டர் ஒன்றே வெளியீட்டைத் தீர்மானிக்கும். 13.8-இல் 2.5 போக மீதி 11.3 வோல்ட் அதன் குறுக்கே விழ வேண்டும் என்பதால், அதன் மதிப்பு சுமார் 21.2 கிலோ ஓம்ஸ். 18 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டரோடு 5 கிலோ ஓம்ஸ் ப்ரீசெட்டை (திருகி மதிப்பை மாற்றக்கூடிய சிறு ரெசிஸ்டர்) தொடராக வைத்தோம், வெளியீடு 12.1 முதல் 14.7 வோல்ட் வரை நகர்ந்தது. இந்தக் கணக்கைத் தாளில்லாமல் போட்டுக்காட்டும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

வெளியீட்டுப் பக்கத்தில் 16 வோல்ட் கெப்பாசிட்டர்களை 25 வோல்ட் ஆக்கினோம். சுமையில்லாத நேரத்துக்காக 47 ஓம்ஸ், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சேர்த்தோம்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 230 வோல்ட் நேராக்கப்பட்டதும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களின் குறுக்கே சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும். அளந்து பார்க்காமல் பலகையைத் தொடாதீர்கள். மாற்றம் செய்த பிறகு முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வையுங்கள். ஆஸிலோஸ்கோப்பின் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) எர்த் கிளிப்பை 230 வோல்ட் வரும் பக்கத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது நேரடி ஷார்ட்.

வைவாவில் வெளித்தேர்வாளர் 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பைச் சுமையாக வைத்துப் பார்த்தார். மீட்டரில் 13.8 அசையாமல் நின்றது. பிறகு சிறிய ஸ்க்ரூடிரைவரால் ப்ரீசெட்டைத் தொட்டுக்காட்டி, “இதன் தொடர்பு அறுந்துபோனால் ரேடியோ என்ன ஆகும்?” என்று கேட்டார். முதல் காலில் மின்னழுத்தம் பூஜ்யமாகிவிடும், வெளியீடு குறைந்துவிட்டதாக ஐ.சி. எடுத்துக்கொண்டு துடிப்பை முழு அகலத்துக்குக் கொண்டுபோகும், வெளியீடு எகிறி ரேடியோ கருகிவிடும் என்று சொன்னோம். அதனால்தான் பழைய பாதுகாப்புச் சுற்றை வெட்டி எறியாமல், அதன் வரம்பை 15 வோல்ட்டுக்கு மாற்றி வைத்திருந்தோம். “அப்படியானால் காட்டுங்கள்” என்றார். பல்பைக் கழற்றிவிட்டு ப்ரீசெட்டின் ஒயரைப் பிடுங்கினோம், ஃபேன் நின்றது.