கிருஷ்ணகிரி: அணை மீனும் சாக்கடைத் தங்கமும்

முதலில் ஆட்டோ கதை. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து அணைக்குப் போக 400 ரூபாய் வாங்கிவிட்டார். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் 12 ரூபாய்தான் ஆனது. கையில் 1000 ரூபாயோடு கிளம்பியவனுக்கு இது பெரிய அடி. நீங்கள் போனால் டவுன் பஸ்ஸுக்கே நில்லுங்கள்.

ஆனால் இந்தப் பயணத்தில் மனதில் நிற்பது அணை இல்லை. காலை ஏழரை மணிக்கு டீக்கடை தேடி நடந்தபோது, நகைப் பட்டறைகள் இருக்கும் ஒரு சந்தில் ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் சாக்கடை மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் ராவும்போது சிந்தும் தங்கத்தூள் கழுவுகிற தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். அதைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடு. தட்டில் மண்ணை அலசி அலசி, அடியில் ஒரு கைப்பிடி கறுப்பு மணல் நிற்கும்வரை விடவில்லை.

"தங்கம் கிடைக்குமாக்கா?"

"கெடைக்குங்க சார். ரசம் போட்டாத்தான் சேரும்."

ரசம் என்றால் பாதரசம். சின்ன பாட்டிலிலிருந்து ஊற்றி, வெறுங்கையால் பிசைந்தார். வெள்ளி உருண்டைகள் மணலுக்குள் ஓடி ஓடித் தூளைப் பிடித்தன. பழைய வேட்டித் துணியில் வைத்துப் பிழிந்ததும் மிளகு அளவில் ஒரு வெள்ளை உருண்டை மிஞ்சியது. வீட்டு அடுப்பில் வைத்துச் சுட்டால் ரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் நிற்கும் என்றார். பக்கத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அமேசான் காட்டில், பெரு நாட்டின் மாத்ரே தே தியோஸில் ஆற்று மண்ணிலிருந்து தங்கம் எடுப்பவர்கள் செய்வதும் அச்சு அசல் இதேதான். அங்கே மரத்தை வெட்டி, மோட்டார் வைத்து மண்ணை உறிஞ்சுகிறார்கள். காடு இருந்த இடத்தில் கலங்கல் குட்டைகள்தான் மிச்சம், அதில் கொசு, அப்புறம் மலேரியா. மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரிச் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது.

சரி, மீனுக்கு வருகிறேன். காமராஜர் காலத்து அணை, கரையோரம் வரிசையாக மீன் கடைகள். மசாலா தடவிய ஜிலேபி மீனைக் கண்ணெதிரே எண்ணெயில் போட்டு எடுத்தார்கள். ஒரு தட்டு 120 ரூபாய். தோல் மொறுமொறு, உள்ளே பஞ்சு. இரண்டாவது தட்டும் வாங்கினேன், பட்ஜெட் போனால் போகட்டும் என்று. சேலத்திலிருந்து இதற்காக மட்டுமே வரலாம்.

இரண்டாவது தட்டில்தான் மாத்ரே தே தியோஸ்காரர்களின் நினைப்பு வந்தது. ஆற்றில் விழும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் வேறு விஷமாக மாற்றும். அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, கடைசியில் மனிதன் தட்டுக்கு வரும். நரம்பைத் தாக்கும், கருவில் இருக்கிற பிள்ளையையும் விடாது. 2016-இல் அங்கே பெரு அரசு 60 நாள் அவசரநிலையே அறிவித்தது. தங்கத்தைக் கண்ணால் பார்க்காத பழங்குடிக் குடும்பங்களும் அந்த மீனைத்தான் தின்கின்றன. காடும் போய், சோறும் விஷமாவது எந்த ஊர் நியாயம்?

மனசு கேட்காமல் சாயங்காலம் திரும்ப அந்தச் சந்துக்கே போனேன். அந்த அக்கா அங்கேதான் இருந்தார். கையில் பிசையாதீர்கள், அந்தப் புகைதான் எல்லாவற்றிலும் மோசம், வீட்டுக்குள் சுடவே சுடாதீர்கள் என்றேன்.

"புகையே தெரியாதுங்களே சார்," என்றார்.

"அதுதான் அக்கா ஆபத்து. கண்ணுக்கும் தெரியாது, வாடையும் வராது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குழந்தையின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினார்.