ஸ்டாலுக்கு மேல போர்டு தொங்கவிடப் போறீங்களா, மொதல்ல கொக்கி எங்கன்னு கேளுங்க

போன டிசம்பர்ல ஆம்பூர்ல இருந்து பாய் போன் பண்ணாரு. ஷூ அப்பர், அதான் ஷூவோட மேல்பாகம், தைக்கிற கம்பெனி, ரொம்ப வருஷ கஸ்டமர். "தம்பி, இந்த வாட்டி வெளிமாநில ஃபேர்ல ஸ்டாலுக்கு பெரிய எடமா எடுத்துட்டேன், நாலு பக்கமும் ஓபன், மேல நம்ம பேரு தொங்கணும், வாசல்ல நுழையறப்பவே கண்ணுல படணும்"னாரு. சரிங்க பாய், ஹால்ல மேல கொக்கி எங்கெங்க வருதுன்னு டிராயிங் குடுத்தாங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா, நீ டிசைன் அனுப்பு மொதல்ல."

இந்த வார்த்தைய நான் ராணிப்பேட்டைல கேட்டிருக்கேன், மேல்விஷாரத்துல கேட்டிருக்கேன், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லா ஊர்லயும் கேட்டிருக்கேன். அதனாலதான் இத எழுதுறேன், ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்றதுக்கு ஒரு எடத்துல எழுதி வெச்சா நாலு பேருக்கு உதவும்.

எனக்கு வேலூர் சத்துவாச்சாரில பிரிண்டிங் கடை. ஆரம்பத்துல ஃப்ளெக்ஸ்தான், கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரங்க பேனர். 2019 செப்டம்பர் 12ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணைல ரோட்டு நடுவுல வெச்சிருந்த கல்யாண பேனர் சரிஞ்சு ஸ்கூட்டில போன ஒரு பொண்ணு மேல விழுந்து, பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறி அந்த பொண்ணு செத்துப்போச்சு, 23 வயசு. அந்த பேனர் நான் அடிச்சது இல்ல, ஆனா அதே மாதிரி நூறு பேனர் நான் அடிச்சு குடுத்திருக்கேன், யார் எங்க எப்படி கட்டுறாங்கன்னு ஒரு நாள் கூட கேட்டது கிடையாது. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ரோட்டு பேனர் வேலைய விட்டுட்டு ஸ்டால் வேலைக்கு வந்துட்டேன். நம்ம பக்கம் தோல் கம்பெனிங்க வருஷா வருஷம் நந்தம்பாக்கத்துல நடக்கற லெதர் ஃபேருக்கு போறாங்க, பெரிய ஆளுங்க மிலான், ஹாங்காங்னு போறாங்க, வேலைக்கு பஞ்சம் இல்ல. ஆனா தலைக்கு மேல எது போனாலும் அந்த 2019 ஞாபகம் வந்துடும் எனக்கு.

சரி விஷயத்துக்கு வர்றேன். மேல தொங்குற போர்டுக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான், தூரத்துல இருந்து தேடி வர்றவனுக்கு வழி காட்டணும். பக்கத்துல வந்துட்டா யாரும் அண்ணாந்து பாக்க மாட்டாங்க, டேபிள் மேல இருக்கற தோலைத்தான் தொட்டுப் பாப்பாங்க. அதனால எல்லா கணக்கும் தூரத்துல இருந்து ஆரம்பிக்கணும். எங்க தொழில்ல ஒரு கணக்கு உண்டு, 10 அடி தூரத்துக்கு எழுத்து 1 இன்ச் உயரம் இருந்தா சிரமம் இல்லாம படிக்கலாம். வாசல்ல இருந்து ஸ்டால் 150 அடின்னா எழுத்து 15 இன்ச் வேணும். இப்ப வட்டமா ஒரு ரிங் செய்றோம்னு வைங்க, குறுக்களவு 10 அடி, சுத்தளவு 31 அடி சொச்சம். 31 அடி இருக்கேன்னு கம்பெனி முழுப் பேரையும் சுத்தி எழுத சொல்றாங்க, கடைசில பிரைவேட் லிமிடெட் வரைக்கும். ஒரு எடத்துல நின்னு பாத்தா வட்டத்துல ஒழுங்கா படிக்க முடியறது மூணுல ஒரு பங்குதான், சுமார் 10 அடி. மீதி வளைஞ்சு பின்னாடி போயிடும். 15 இன்ச் எழுத்துல 10 அடிக்குள்ள எட்டு ஒம்பது இங்கிலீஷ் எழுத்துதான் உக்காரும். அப்ப வாசல்ல நிக்கற, சரக்கு வாங்க வந்தவருக்கு உங்க பேர்ல நடுவுல இருக்கற எட்டு ஒம்பது எழுத்து மட்டும் தெரியும், அவரு என்னன்னு படிப்பாரு? சின்ன பேரா சுருக்கி, அதையே மூணு வாட்டி போடணும், எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் ஒண்ணு கண்ணுல படும். சதுரம்னா நாலு பக்கத்துலயும் ஒவ்வொண்ணு. முழுப் பேரு கீழ ரிசப்ஷன் டேபிள்ல இருக்கட்டும்.

எழுத்தை விட கலரு முன்னாடி போய் சேரும், இதையும் சொல்லணும். வாணியம்பாடில ஒருத்தரு தோல் ஷாப்பு, அதான் தோல் பதனிடற எடம், வெச்சிருக்காரு, இன்னிக்கும் மரப்பட்டைல பதம் போடுறவரு. அந்த காலத்துல ஆவாரம்பட்டைதான், அப்புறம் வாட்டில் பட்டை வந்துச்சு. அவரு போர்டுல ஆவாரம்பூ கலர்ல மஞ்சள் கோடு ஒண்ணு மட்டும் சுத்தி ஓட்டுனோம், எழுத்து கரும்பழுப்புல. ஹால் பூரா நீலமும் வெள்ளையுமா தொங்குது, நடுவுல அந்த மஞ்சள். அந்த மஞ்சள் ரிங்குக்கு வாங்கன்னு அவரு போன்ல வழி சொல்லிகினு இருந்ததை பக்கத்துல நின்னு கேட்டேன். எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு அன்னிக்கு.

இப்ப கொக்கி. ஹால் கூரைல எங்க வேணாலும் கம்பி கட்டிட முடியாது. எந்தெந்த எடத்துல தொங்கவிடலாம், ஒரு பாயிண்ட்ல எத்தனை கிலோ தாங்கும்னு ஹால்காரங்ககிட்ட டிராயிங் இருக்கும். சில ஹால்ல கூரைல எதையும் தொங்கவிடவே விட மாட்டாங்க, அங்க தரைல இருந்து நாலு கால் வெச்ச டிரஸ் (பைப்ல பின்னின சட்டம்) நிறுத்தி அதுல மாட்டணும், அந்த கால் உங்க எடத்துலயே நாலு மூலைய தின்னுடும், அதையும் சேத்துதான் ஸ்டால் பிளான் போடணும். தொங்கவிடலாம்னு சொல்ற ஹால்லயும் கூரைல இருந்து இறங்குற கம்பி வரைக்கும் பெரும்பாலும் அவங்க ஆளுங்க வேலைதான், நம்ம ஆளை மேல ஏற விட மாட்டாங்க. அதுக்கு ஃபாரம், எடை, டிராயிங் எல்லாம் ஃபேருக்கு பல வாரம் முன்னாடியே குடுக்கணும், லேட்டானா கூடுதல் காசு, ரொம்ப லேட்டானா கிடையவே கிடையாது. பிப்ரவரில ஃபேர்னா இந்த கடைசி தேதிங்க கரெக்டா பொங்கல் நேரத்துல வந்து நிக்கும், கம்பெனி பூரா லீவுல இருக்கும். அதனால டிசம்பர்லயே முடிச்சிடுங்கன்னு நான் கால்ல விழாத குறையா கெஞ்சுறது. அப்புறம் போர்டோட அடி எவ்ளோ உயரத்துல இருக்கணும், மேல் மட்டம் எது வரைக்கும் போகலாம்னு ஒவ்வொரு ஃபேருக்கும் ஒரு ரூல் புக் இருக்கு. அமெரிக்கா பக்கம் 10க்கு 10 அடி வரிசை ஸ்டாலுக்கெல்லாம் பொதுவா மேல தொங்கவிட அனுமதியே கிடையாது, மூணு பக்கமோ நாலு பக்கமோ ஓபனா இருக்கற பெரிய ஸ்டாலுக்குதான்.

எடை விஷயத்துல நம்ம ஆளுங்களுக்கு ஆசாரிகிட்ட சொல்லி ஒரு பொட்டி அடிச்சிடலாம்னு தோணும். கணக்கு போட்டு பாருங்க. 8க்கு 8 அடி சதுரம், 3 அடி உயரம், 12 எம்எம் ப்ளைவுட்டுன்னா சுத்தி 96 சதுர அடி, 8க்கு 4 ஷீட்டு கரெக்டா மூணு. ஒரு ஷீட்டே 20 கிலோவுக்கு மேல வரும். ஷீட்டு மட்டும் 60 கிலோ தாண்டிடுச்சு, உள்ள ரீப்பர் கட்டை, லைட்டு, பெயிண்ட்னு போனா நூறை தொட்டுடும். அதே சைஸ் அலுமினியம் பைப் ஃப்ரேம் போட்டு துணி பிரிண்ட் இழுத்து மாட்டுனா மூணுல ஒரு பங்கு எடை கூட வராது, மடிச்சா ஒரு பைல அடங்கும், அடுத்த வருஷமும் ஆகும். துணி தீப்பிடிக்காத ரகமான்னு சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதை துணி வாங்கும்போதே வாங்கி வெச்சிக்கணும்.

இன்னொண்ணு, கம்பியோட சாய்வு. வீட்ல கொடிக்கயிறு கட்டி ஈர புடவைய போட்டுப் பாருங்க. கயிறு தொளதொளன்னு தொங்குனா ஒண்ணும் ஆகாது, அதையே விறைப்பா இழுத்துக் கட்டுனா ஆணியே புடுங்கிகினு வந்துடும். புடவை அதே புடவைதான். போர்டும் அப்படித்தான், 100 கிலோவ ரெண்டு கம்பில நேரா செங்குத்தா தொங்கவிட்டா கம்பிக்கு 50 கிலோ. கொக்கி உயரம் பத்தலன்னு கம்பிய படுக்க வெச்சு தரைமட்டத்துக்கு 30 டிகிரில கட்டுனீங்கன்னா ரெண்டு கம்பிலயும் தனித்தனியா 100 கிலோ இழுக்கும். போர்டு எடைய மட்டும் பாத்துட்டு கம்பி வாங்குறவங்க இதை மறந்துடறாங்க. ஒத்தக் கம்பில தொங்கவிடறதும் வேணாம், ஏசி காத்துக்கு போர்டு பாட்டுக்கு சுத்திகினே இருக்கும், பேரு எப்பப் பாத்தாலும் வேற பக்கம் திரும்பி நிக்கும். குறைஞ்சது மூணு பாயிண்ட்.

அந்த சுத்துறது, ஆடுறது எல்லாம் சின்ன விஷயம் இல்ல, அதை ஒரு வாட்டி கண்ணால பாத்தவன் நான். மூணு வருஷம் முன்னாடி, வேற ஒரு ஊர்ல ஃபேர், சதுர ஃப்ரேம், நாலு கம்பி. நாலு மூலைலயும் மெயின் கம்பி ஒண்ணு, அது விட்டா தாங்கறதுக்கு பக்கத்துலயே தனியா ஒரு சேஃப்டி கம்பி. மொத நாள் கம்பெனிக்காரரு வந்து பாத்துட்டு, "எதுக்கு ரெண்டு ரெண்டு கம்பி, போட்டோல அசிங்கமா தெரியுது, ஒண்ண எடுத்துடு"ன்னாரு. இல்ல சார், அது இருக்கட்டும்னேன். கோச்சிகினு போயிட்டாரு.

ரெண்டாம் நாள் காலைல 11 மணி இருக்கும். மேல டங்குன்னு ஒரு சத்தம், பாத்திரம் விழுந்த மாதிரி கூட இல்ல, சாவி விழுந்த மாதிரி. அண்ணாந்து பாத்தா ஒரு மூலை ஒரு ஜாண் இறங்கி நிக்குது. சேஃப்டி கம்பி விறைப்பா பிடிச்சிகினு இருக்கு. கம்பிய மாட்டற டி ஷேக்கிள்னு ஒரு இரும்பு வளையம், D எழுத்து மாதிரி இருக்கும், அதோட பின்னு கீழ கார்பெட்ல கெடந்துச்சு, சுண்டுவிரல் நீளம் கூட இல்ல. பின்ன முறுக்கினதுக்கு அப்புறம் அது கழண்டு வராம இருக்க ஓட்டைல கட்டுக்கம்பி விட்டு முறுக்கணும், அந்த ஒரு மூலைல மட்டும் எங்க பையன் விட்டுட்டான், நானும் செக் பண்ணல. போர்டு ராத்திரி பூரா ஆடி ஆடி பின்னு தானா கழண்டு வந்திருக்கு. கரெக்டா அந்த மூலைக்கு கீழ ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒருத்தங்க, எங்க அம்மா வயசு இருக்கும், கண்ணாடி டேபிள தொடைச்சிகினு இருந்தாங்க. சத்தம் கேட்டு ஒரு வாட்டி மேல பாத்தாங்க, திரும்ப தொடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் போய் கைய பிடிச்சு, "வாங்கம்மா இந்தப் பக்கம்"னு கூட்டினு வந்தேன், எனக்குத்தான் கை நடுங்குச்சு, அவங்க என்னப்பா ஆச்சுன்னு கேட்டாங்க.

ஸ்டால காலி பண்ணி, ஹால் ஆளுங்கள கூப்ட்டு இறக்கி, நாலு மூலையும் திரும்ப மாட்ட மூணு மணி நேரம் ஆச்சு. சேஃப்டி கம்பிய எடுக்க சொன்னவரு அதுக்கப்புறம் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசல. அதுல இருந்து போர்டு மேல போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பின்னையும் நானே தொட்டுப் பாக்கறேன், கட்டுக்கம்பி போட்டதை ஒவ்வொரு மூலையா போட்டோ எடுத்து வெச்சிக்கறேன். யார் என்ன சொன்னாலும் சேஃப்டி கம்பி இல்லாம எங்க கடை போர்டு மேல ஏறாது. வேணாம்னு சொன்ன ரெண்டு ஆர்டர விட்டுருக்கேன்.

எல்லாருக்கும் மேல தொங்கவிடணும்னு அவசியமும் கிடையாது. 3க்கு 3 மீட்டர் ஷெல் ஸ்டால் (ஃபேர்காரங்களே செவுரு வெச்சு குடுக்கறது) எடுத்தவங்க, மூணு பக்கமும் செவுரு இருக்கறவங்க, தயவுசெஞ்சு அந்த காசுல முன்னாடி இருக்கற பேர்ப்பலகைய ஒழுங்கா செஞ்சு, ரெண்டு நல்ல லைட்டு போடுங்க. மேல்விஷாரத்துல கிளவுஸ் தைக்கிற ஒரு அண்ணனுக்கு போன மாசம் இதத்தான் சொன்னேன், எனக்கு வர்ற வேலைதான் போச்சு, பரவால்ல.

பாய் கதைக்கு வர்றேன். டிசைன் அனுப்ப மாட்டேன், மொதல்ல டிராயிங் வாங்கிக் குடுங்கன்னு ஒரு வாரம் பிடிவாதமா இருந்தேன். அவருக்கு கொஞ்சம் வருத்தம்தான், "இன்னாப்பா நீ, இவ்ளோ நாள் பழக்கத்துல"ன்னாரு. டிராயிங் வந்துச்சு, பாத்தா கொக்கிங்க எதுவும் ஸ்டால் நடுவுல வரல, எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது. அவரு கேட்ட 12 அடி ரிங்கு அங்க தொங்கவிட்டா பாதி நடைபாதைக்கு மேல போயிடும், அதுக்கு அனுமதி கிடையாது. நடுவுல ஒரு சின்ன டிரஸ் துண்டு குடுத்து, ரிங்க 8 அடியா குறைச்சு, பேர அஞ்சு எழுத்தா சுருக்கி, பொங்கலுக்கு முன்னாடியே ஃபாரம் அனுப்பிட்டோம்.

ஃபேருக்கு முந்தின நாள் ராத்திரி ஒம்பதரை மணிக்கு மேல ஏத்துனாங்க. நான் கீழ நின்னு பின்னு எண்ணிகினு இருக்கேன், பாய் மட்டும் போன எடுத்துகினு வாசலுக்கு நடந்து போனாரு. இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி, வெள்ளை சட்டை மட்டும் புள்ளியா தெரியுது. போன் அடிச்சுது.

"தெரியுதுப்பா. நல்லா தெரியுது. ஆனா மொத எழுத்து கொஞ்சம் அந்தப்பக்கம் போகுது, ஒரு சாண் இந்தப்பக்கம் திருப்ப சொல்லு."

மேல ஆளை தூக்குற லிஃப்ட்ல இருந்தவருக்கு கை காட்டுனேன், திருப்புனாரு.

"போதும், போதும், அங்கியே நிறுத்து."