கரண்ட்டில் அழுக்கு

நண்பர் ஒருவர் இருக்கிறார். ஸ்பீக்கரில் என்ன கோளாறு என்றாலும் அவருக்கு ஒரே காரணம்தான்: கரண்ட்டில் அழுக்கு. பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். அன்று மாலையே பையோடு வந்துவிட்டார். உள்ளே சாரைப்பாம்பு தடிமனில் ஒரு பவர் கார்டு.

மகள் தன் லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரில் கோர்த்துப் பாட்டு போட்டிருந்தாள். நண்பர் ஆம்பை அணைத்து, அலமாரிக்குப் பின்னால் தலைகீழாக நுழைந்து கார்டை மாற்றினார். அவர் உள்ளே முனகிக்கொண்டிருந்த நேரத்தில், சார்ஜ் ஏறிவிட்டதென்று மகள் சார்ஜரைக் கழற்றியதை அவர் பார்க்கவில்லை.

ஆம்பைப் போட்டார். உறுமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“கேட்டீங்களா சார்? பின்னணி கும்மிருட்டு. வயலின்காரர் ரெண்டடி தள்ளி உட்கார்ந்துட்டார்.”

அடுத்த பாட்டில் மகள் சார்ஜரைத் திரும்பச் சொருகினாள். ம்ம்ம்.

நண்பர் அசரவே இல்லை. “இடம் புதுசு. கேபிள் பழகணும்.”

விஷயம் இதுதான். சார்ஜரின் எர்த் அறையின் ஒரு மூலையில், ஆம்பின் எர்த் மறு மூலையில். நடுவில் ஆடியோ வயரும் சேர்ந்ததும் ஒரு வளையம் உண்டாகிவிட்டது. கிரவுண்ட் லூப் என்பார்கள். அதில் ஓடும் சின்னக் கரண்ட், ஊரைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமாகப் பாட்டோடு கலந்துவிடும். ஆம்பும் சார்ஜரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு வந்தபின் உறுமல் கிட்டத்தட்ட ஓய்ந்தது. எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்பவர்களும் உண்டு. சத்தம் போகும்தான், கூடவே நாமும் போய்ச்சேர வாய்ப்புண்டு.

நண்பர் கார்டைக் கழற்றுவதாக இல்லை. அப்புறம் ஆம்பின் பெட்டியே ‘ர்ர்ர்’ என்று அதிர ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை, பெட்டியில்தான். காதை வைத்துக் கேட்டு, “பார்த்தீங்களா, அழுக்கு உள்ளே போயிடுச்சு” என்றார். இந்த முறை பாதி உண்மை. உள்ளறையில் மனைவி ஹேர் டிரையரைக் குறைந்த வேகத்தில் வைத்திருந்தாள். பல டிரையர்களில் அந்த வேகத்துக்கு ஒரு டயோடு இருக்கும். வீட்டுக் கரண்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுவது. டயோடு அதில் ஒரு பாதியை மட்டும் இழுக்கும். அதனால் லைனில் கொஞ்சம் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், கலக்கும். ஆம்புக்குள் இருக்கும் வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஆகவே ஆகாது, அதிரும்.

“கொஞ்சம் ஃபுல் ஸ்பீடில் வையேன்!” என்று கத்தினேன்.

“ஏங்க, உங்க பாட்டுக்கு நான் முடியைப் பொசுக்கிக்கணுமா?”

என்னைக் கேட்டால், வீட்டுக் கரண்ட் பாட்டைக் கெடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இப்படிச் சில்லறையானவை: டிம்மர், சார்ஜர், மோட்டார். எப்படியும் ஆம்ப் ஏசியை டிசியாக்கி, கெபாசிட்டரில் தேக்கிவைத்துத்தான் பயன்படுத்துகிறது. சுவருக்குள் அத்தனை தூரம் சாதாக் கம்பியில் வந்த கரண்ட், கடைசி ஒன்றரை மீட்டரிலா குளித்துவிட்டு வரும்? இதை நண்பரிடம் சொல்லவில்லை. நட்பு முக்கியம்.

பழகட்டும் என்று கார்டை இங்கேயே விட்டுப் போனார். மறுநாளே மகள் அதை எடுத்து கம்ப்யூட்டர் மானிட்டருக்குப் போட்டுக்கொண்டாள். அவர் போன் செய்து, நன்றாகப் பழகிவிட்டதா என்று விசாரிக்கிறார்.

“நல்லா பழகிடுச்சு சார்” என்கிறேன்.