17 அடி ஆசை, 14 அடி மூங்கில்

சொந்தக் கையால் ஒரு கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கட்டிவிட வேண்டும் என்று கிளம்பியபோது, நான் துடுப்புப் போட்டது மொத்தமே ஏழு நாள். எல்லாம் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில், வாடகைப் பிளாஸ்டிக் கயாக்கில். மனம் போய் உட்கார்ந்ததோ சீடார் மரக் கீற்றுகளை ஒட்டிச் செய்யும் 17 அடிக் கடல் கயாக்கில். அகலம் 22 அங்குலம்தான். அவ்வளவு அழகு!

அந்த ஆசையை முதலில் கலைத்தது தண்ணீர். தெரிந்தவர் ஒருவரின் 22 அங்குலப் படகில் ஏறி உட்கார்ந்தேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன், கவிழ்ந்தேன். வாயெல்லாம் உப்பும் சேறும். ஒடுங்கிய படகு ஏறியவுடன் ஆடும், ஆனால் பழகியவர் சாய்த்துப் பிடித்தால் தாங்கும்; அலையில் அதுதான் உதவும் என்றார் அவர். அகலமான தட்டையடிப் படகு அமைதியான நீரில் திண்ணை மாதிரி இருக்கும். எல்லை மீறிச் சாய்ந்தால் மட்டும் சட்டெனக் கவிழ்த்துவிடும். நான் போவது கழிமுகம். நண்பகலுக்குமேல் கடற்காற்று வீசும், மற்றபடி அலை கிடையாது. அகலம் 25 அங்குலம் என்று முடிவாயிற்று.

அடுத்தது நீளம். நீளமான படகு வேகமாகப் போகும் என்பது உண்மை. ஆனால் வேலை நடக்கப்போவது மொட்டை மாடிக் கொட்டகையில். படகு படி வழியாக இறங்கியாக வேண்டும். இரண்டு மூங்கிலை 17 அடிக்குச் சேர்த்துக் கட்டி, நானும் தம்பியும் இறக்கிப் பார்த்தோம். திருப்பத்தில் ஒரு முனை சுவரிலும் மறுமுனை தண்ணீர்த் தொட்டியிலும் முட்டி நின்றது. மேலே ஏறி ஓரடி அறுத்தோம். மறுபடி இறக்கினோம், மறுபடி அறுத்தோம். 14 அடியில், கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித் திருப்பியதும் இறங்கிவிட்டது. நீளத்தை முடிவு செய்தது அந்த மாடிப்படிதான்.

மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தும் முறை மலிவு, எடையும் குறைவு. இனுயிட் மக்கள் சீல் தோலைப் போர்த்தினார்கள், இப்போது நைலான். ஆனால் இங்கே கற்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்திபோல் கீறும். எனக்குத் துணிவு வரவில்லை. கீற்று முறைக்குப் பொறுமையும் இல்லை, சீடாரும் கிடைக்கவில்லை. மிஞ்சியது 'தைத்து ஒட்டும்' முறை. 4 மி.மீ. பிளைவுட்டை வெட்டி, ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் கட்டி, மூட்டுகளில் எபாக்சி என்ற, கலந்ததும் இறுகும் பசையைப் பூசி, மேலே கண்ணாடியிழைத் துணி ஒட்டுவார்கள். ஒருகாலத்தில் சென்னைக் கரையில் மசூலா படகுகளின் பலகைகளைக் கயிற்றால் தைத்தார்கள். அதை நினைத்ததும் இந்த முறைமேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

வரைபடம் வாங்கியதும் அட்டைப்பெட்டியை மேல்தட்டின் அளவுக்கு வெட்டி, தரையில் உட்கார்ந்து காலை நுழைத்துப் பார்த்தேன். பாதம் இடித்தது. மேல்தட்டு ஓர் அங்குலம் உயர்ந்த வேறு வரைபடத்துக்கு மாறினேன். முதல்முறை கட்டுபவர்கள் இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

'மெரைன்', அதாவது தண்ணீரைத் தாங்கும், என்று முத்திரையிட்ட பிளைவுட் இரண்டு கடைகளில் கிடைத்தது. இரண்டிலும் ஒரு துண்டு வாங்கிப் பழைய குக்கரில் நாளெல்லாம் கொதிக்கவிட்டேன். ஒன்று மாலைக்குள் ஏடு ஏடாகப் பிரிந்தது. அம்மா அந்தக் குக்கரைத் திரும்பச் சேர்க்கவில்லை. எபாக்சியைக் கலக்கும் முன் ஒரு எச்சரிக்கை: மே மாதத்தில் கோப்பை நிறையக் கலக்காதீர்கள். என் கோப்பை தானாகவே சூடேறிப் புகைந்து, உருகிச் சாய்ந்தது. அதன்பின் விடியற்காலையில், அகலத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தேன்.

வரைபடம் சொன்ன எடை 19 கிலோ. என்னுடையது 24. மூன்று கிலோவுக்கு உள்ளூர் பிளைவுட்டைக் குறை சொல்லலாம். மீதி நான் வழித்தெடுக்காமல் விட்ட எபாக்சி.

படகை இறக்கிய நாளில் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. மூங்கிலுக்கு 25 அங்குல அகலம் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கயிறு கட்டி மாடியிலிருந்து நேராகத் தெருவில் இறக்கினோம்.