அடிபட்ட வண்டியின் விலைக் குறைவு: சேலம் நாட்குறிப்பு

ஜூன் 4, 2025

ஏற்காடு மலைப்பாதை, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று. ஏறிக்கொண்டிருந்த காரின் வலது முன்பக்கத்தை இறங்கி வந்த ஜீப் இடித்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. கார் 2022-இல் பதிவானது, டிஎன் 30, ஒரே ஓனர், 31,000 கிலோமீட்டர்.

"ரிப்பேரை இன்சூரன்ஸ் பார்த்துக்கும், அப்புறம் என்ன?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வண்டி ரிப்பேராகி நன்றாகவே ஓடும். விற்கப் போகிற அன்றைக்கு "இது அடிபட்ட வண்டி" என்ற ஒரே வார்த்தையில் ஐம்பதாயிரம், எழுபதாயிரம் இறங்கிவிடும். அதுவும் நஷ்டம்தான். இடித்தவர் தரவேண்டிய நஷ்டம்.

வண்டிகளை நகர்த்தும் முன் எடுக்க வேண்டிய படங்கள்: வளைவின் எண் பலகை, இரண்டு வண்டியும் ஒன்றாகத் தெரியும்படி ஒன்று, டயர் தேய்ந்த தடம், கண்ணாடித் துண்டுகள் விழுந்த இடம். மலைப்பாதையில் இடம் குறுகலாக இருந்தால் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. எது ஏறியது, எது இறங்கியது என்று படத்திலேயே தெரிந்தால் பாதி வாக்குவாதம் இல்லை. எதிர் வண்டியின் நம்பரை எம்-பரிவாகன் என்ற அரசு செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும். அதை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும்.

ஸ்டேஷனில் "சமாதானமாப் போயிடுங்க" என்று எழுதி வாங்குவது வழக்கம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் கையெழுத்துப் போட்டால் விலைக் குறைவும் அதோடு போயிற்று. புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதற்கான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281-இன்படி எஃப்.ஐ.ஆர். கேட்பது நல்லது. தவறு யாருடையது என்பதற்கு முதல் காகிதம் அதுதான்.

ஜூன் 6

யாரிடம் கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சொந்த இன்சூரன்ஸிடம் விலைக் குறைவைக் கேட்டுப் பயனில்லை. பாலிசியின் ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கான சேதம்) பகுதியிலேயே, விபத்தின் விளைவாக வரும் பிற நஷ்டத்துக்கும் தேய்மானத்துக்கும் பணம் இல்லை என்று அச்சாகியிருக்கிறது. ஜீரோ டெப் என்ற தேய்மானக் கழிவில்லாத கூடுதல் பாலிசி எடுத்திருந்தாலும் இதே கதைதான். அது பாகங்களுக்குப் பிடிக்கும் தேய்மானத்தைத் தருமே தவிர, வண்டியின் சந்தை விலை இறங்கியதைத் தராது.

கேட்க வேண்டியது இடித்த வண்டியின் டிரைவர், ஓனர், அவர்களுடைய இன்சூரன்ஸ் மூவரிடமும். இடம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். மூன்றாம் நபரின் சொத்துச் சேதமும் அதன் வரம்புக்குள் வரும் என்று 1988 சட்டத்தின் 165-ஆவது பிரிவு சொல்கிறது. கேட்கும் தொகை 2,000 ரூபாய்க்கு மேல் என்றால், விரும்பினால் சிவில் கோர்ட்டுக்கும் போகலாம்.

எதிர் வண்டியின் பாலிசி நகல் கிடைத்ததும் பார்க்க வேண்டியது சொத்துச் சேத வரம்பு. கார்களுக்குப் பொதுவாக 7,50,000 ரூபாய். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. அப்படியிருந்தால் மீதியை ஓனரிடம்தான் வசூலிக்க வேண்டும்.

தவறு நம் டிரைவருடையது என்றால் கேட்க ஆளே கிடையாது. பாதித் தவறு என்றால் பாதித் தொகை.

ஜூன் 11

இன்று வண்டி ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. இந்த வழக்கில் இன்றைய நாளைவிட முக்கியமான நாள் வேறில்லை. பெயின்ட் அடித்துவிட்டால் சாட்சியம் அதற்கடியில் போய்விடும்.

பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், பானெட் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றிப் புதுசு மாட்டினால் சந்தையில் பெரிதாக விலை இறங்காது. பம்பர் மட்டும் மாற்றிய வண்டிக்கு விலைக் குறைவு கேட்டு மனுப் போடுவது நேர விரயம். விலையை இறக்குவது வெல்டிங் உள்ள பாகங்கள்: ஏப்ரான் (பானெட்டுக்கு அடியில் முன் சக்கரத்துக்கு மேலுள்ள உள் தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), முன் சேசிஸ் கால், ரேடியேட்டர் சப்போர்ட்.

இந்த வண்டியில் வலது ஏப்ரான் மடிந்திருக்கிறது. இடது ஏப்ரானில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சட்டைப் பொத்தான் மாதிரி சம இடைவெளியில், ஒரே அளவுக் குழிகளாக இருக்கின்றன. சீலன்ட் ஒரே தடிமனில் ஓடுகிறது. வலது பக்கம் அந்தப் புள்ளிகள் பிய்ந்து, இரண்டு இடத்தில் தகடு வாய் பிளந்து நிற்கிறது. டிங்கர் வேலை முடிந்ததும் அங்கே கிரைண்டர் தேய்த்த தழும்பும், விரலால் இழுத்த சீலன்ட்டும் இருக்கும். வாங்க வருகிற புரோக்கர் பானெட்டைத் தூக்கியதும் முதலில் விரல் வைப்பது அங்கேதான். இரண்டு பக்கத்தையும் ஒரே கோணத்தில், அளவுகோல் வைத்து, தேதியோடு படம் எடுக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் சால்வேஜாக இன்சூரன்ஸுக்குப் போய்விடும் என்பதால் அவற்றையும் தனியாகப் படம் எடுத்துவைக்க வேண்டும்.

பெயின்ட் தடிமன் மீட்டர் அளவு: அடிபடாத இடது கதவில் 118 மைக்ரான். கம்பெனி பெயின்ட் ஏறக்குறைய 100 முதல் 150-க்குள் இருக்கும். மறு பெயின்ட் 200-ஐத் தாண்டும், பட்டி வைத்த இடம் பல நூறு மைக்ரான் காட்டும். வேலை முடிந்த பிறகு அதே புள்ளிகளில் மறுபடி அளந்து ஒரே தாளில் எழுத வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலை செய்யாது. அங்கே அளந்த எண்ணை எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் மொத்தத் தாளையும் கேலிக்குரியதாக்கிவிடுவார்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் அனுப்பும் சர்வேயரின் பட்டியலில் ஏப்ரானுக்கு "மாற்றம்" என்று இருக்கிறதா, "ரிப்பேர்" என்று இருக்கிறதா எனப் பார்த்து நகல் வாங்க வேண்டும். வீல் அலைன்மென்ட் தாளும் வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று தேவை.

ஜூன் 24

வண்டி வெளியே வந்துவிட்டது. இனி தொகை.

ஓமலூர் ரோடு, சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கம் பழைய கார் விற்பவர்கள் மூவரிடம், ஒரே வாரத்துக்குள், லெட்டர்ஹெட்டில் வாங்க வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு விலை எழுத வேண்டும்: அடிபடாமல் இருந்தால் எவ்வளவு, இப்போது எவ்வளவு. கிலோமீட்டர், பதிவு எண், என்ன பார்த்ததால் குறைத்தார் என்பதும் வேண்டும். "அடிபட்டது, குறையும்" என்ற ஒரு வரிக்கு மதிப்பில்லை.

இந்த வண்டிக்கு: முன்பு 6,15,000, 6,30,000, 6,15,000. இப்போது 5,45,000, 5,60,000, 5,48,000. சராசரி 6,20,000-க்கும் 5,51,000-க்கும் இடையில் வித்தியாசம் 69,000 ரூபாய்.

முன் விலைக்கு, பாலிசியில் வண்டியின் மதிப்பாக எழுதியிருக்கும் ஐ.டி.வி.யைப் போடக்கூடாது. அது ஷோரூம் விலையில் அட்டவணைப்படி கழித்த தொகை. இரண்டு முதல் மூன்று வருட வண்டிக்கு 30 சதவீதம் கழியும். சந்தை அந்த அட்டவணையைப் பார்த்து விலை சொல்வதில்லை.

இதோடு சொந்த இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டதையும் சேர்க்கலாம். இந்த வயது வண்டிக்குத் தகடு பாகத்தில் 15 சதவீதம், பிளாஸ்டிக்கில் 50 சதவீதம், 1500 சிசி வரை கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், இழந்த நோ கிளெய்ம் போனஸ். இன்சூரன்ஸ் ஏற்கெனவே கொடுத்த ரிப்பேர் தொகையை மறுபடி கேட்கக் கூடாது. ஒரே செலவை இரு முறை கேட்டது தெரிந்தால் 69,000 ரூபாய் மீதும் சந்தேகம் விழும்.

ஜூன் 26

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 2001-இல் வந்த ஒரு தீர்ப்பையொட்டிப் பரவிய "17சி" சூத்திரத்தைச் சிலர் இங்கேயும் போட்டுப் பார்க்கிறார்கள். வண்டி விலையில் பத்து சதவீதத்தை உச்சமாக வைத்து, சேதத்துக்கும் ஓடிய மைலுக்கும் ஏற்பக் குறைத்துக்கொண்டே போகும் கணக்கு அது. சேலம் சந்தையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மனுவில் எழுத வேண்டாம்.

ஜூலை 3

மனு. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் இவற்றில் எந்த எல்லையிலும் போடலாம். ஏற்காடு விபத்துக்குச் சேலத்திலேயே போடலாம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்கிறது அதே 1988 சட்டத்தின் 166(3). 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்த வண்டிக்கு டிசம்பர் 4-க்கு முன்.

விலைக் குறைவு, தேய்மானக் கழிவு, போனஸ் இழப்பு மூன்றையும் தனித்தனித் தலைப்பில் எழுத வேண்டும். மொத்தமாக ஒரு தொகை போட்டால் தீர்ப்பாயம் ரிப்பேர் பில்லை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடும். மனுத் தேதியிலிருந்து வட்டியும் கேட்க வேண்டும்.

ஜூலை 15

எதிர் இன்சூரன்ஸின் பதில் எப்போதும் இரண்டு வரிதான். முதலாவது, "வண்டி சரியாகிவிட்டது, விற்கவும் இல்லை, நஷ்டம் எங்கே?" விலை இறங்கியது இடித்த அன்றைக்கே, விற்கும் நாளில் அது கையில் தெரிகிறது, அவ்வளவுதான். இதை ஏற்பதில் எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, "கடிதம் எழுதியவர் யார்?" காகிதம் மட்டும் நிற்காது. விலை எழுதிய மூவரில் ஒருவராவது கூண்டேறி, ஏப்ரானைப் பார்த்துத்தான் குறைத்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்பவரிடம் மட்டுமே ஜூனில் கடிதம் வாங்கியிருக்க வேண்டும்.

சர்ச்சைத் தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் அதே சட்டத்தின் 173(2)-இன்படி அப்பீல் கிடையாது. 69,000 ரூபாய் வழக்குக்குத் தீர்ப்பாயமே கடைசி இடம். விட்டுப்போன படத்தை அப்புறம் சேர்க்க முடியாது.

லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) தொகை பேசினால் அது எந்தத் தலைப்புக்கு என்று அவார்டில் எழுதச் சொல்ல வேண்டும். அதற்கும் அப்பீல் இல்லை.