இரண்டு வருஷ விருந்தாளிகள்

மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் கூடைப்பந்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. எல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களைப் பற்றித்தான். கான்சஸ் மாநிலத்து ஹட்சின்சன் ஊர்க்காரர் ஒருவர் மட்டும் "அதை டிவியில் பார்த்துக்கொள்ளலாம், ஒரு தடவை எங்கள் ஊருக்குப் போய் சமுதாயக் கல்லூரிப் பையன்களின் ஆட்டத்தைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஓவர்லேண்ட் பார்க்கிலிருந்து காரை எடுத்தேன்.

எம்போரியா வரை 35ஆம் நெடுஞ்சாலை, அங்கிருந்து மேற்கே 50ஆம் எண் சாலை. நடுவில் ஃப்ளின்ட் ஹில்ஸ் புல்வெளி. மாடு மேய்ப்பவர்கள் புதுப்புல் முளைக்க வேண்டும் என்று வசந்தத்தில் பழைய புல்லைக் கொளுத்திவிடுவார்கள். ஒரு குன்று முழுக்கக் கரிக்கட்டையாக இருந்தது. புகை வாசனை ஹட்சின்சன் வரை காருக்குள்ளேயே இருந்தது.

முதலில் ஒரு விளக்கம். இங்கே சமுதாயக் கல்லூரி என்றால் இரண்டு வருஷப் படிப்பு. முடித்துவிட்டு, விருப்பமிருந்தால் நான்கு வருஷப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் சேரலாம். கான்சஸில் இப்படிப்பட்ட இருபது கல்லூரிகள் போலச் சேர்ந்து 'ஜேஹாக் கான்ஃபரன்ஸ்' என்ற பெயரில் தங்களுக்குள் விளையாடிக்கொள்கின்றன. எல்லாமே சின்ன ஊர்கள். ஹைலேண்ட் கல்லூரி 1858இல் தொடங்கியது, அப்போது கான்சஸ் ஒரு மாநிலமாகவே ஆகியிருக்கவில்லை. வடமேற்கு மூலையில் உள்ள குட்லேண்டுக்குக் கடிகாரமே ஒரு மணி நேரம் பின்னால். கோல்பியிலிருந்து காஃபிவில்லுக்கு ஆட வேண்டுமென்றால் சுமார் 400 மைல் பஸ் பயணம்.

பெயர்கள் தனிக் கூத்து. பட்லர் கல்லூரி இருக்கும் ஊரை எல் டொராடோ என்று சொன்னால் வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அது எல் டொரேடோ. கௌலி கல்லூரி இருப்பது ஆர்கேன்சஸ் சிட்டியில். அதே எழுத்துகளில் ஒரு மாநிலமும் உண்டு, ஆனால் அதை ஆர்க்கன்சா என்பார்கள். நான் இரண்டு தடவை திருத்தப்பட்டேன்.

ஹட்சின்சனில் அறை கிடைக்கவில்லை. தப்பு என்னுடையது, தேசியப் போட்டி நடக்கும் வாரத்தில் முன்பதிவு செய்யாமல் கிளம்பியவன் நான். 30 மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் நியூட்டனில் தங்கி, தினமும் போய் வந்தேன்.

அந்தத் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1949 முதல் இந்த ஊரில்தான். நாடு முழுவதிலுமிருந்து ஜூனியர் கல்லூரி, அதாவது இரண்டு வருஷக் கல்லூரி, ஆண்கள் அணிகள் வருகின்றன. நடத்துவது முன்னாள் படைவீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியனின் உள்ளூர்க் கிளை. வாசலில் டிக்கெட் கிழித்தவருக்கு என் தாத்தா வயது இருக்கும். காலையில் உள்ளே போனால் இரவு வரை ஆட்டத்துக்கு மேல் ஆட்டம். உள்ளூர்க் கல்லூரி அணியான ஹட்சின்சன் புளூ டிராகன்ஸ் 1988, 1994, 2017 என மூன்று முறை சொந்த ஊரிலேயே பட்டம் வென்றிருக்கிறது. ஆனால் அந்த அணி தகுதி பெற்றாலும் பெறாவிட்டாலும் ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு அணிகள் மோதும்போது, மதியத்துக்குள் பக்கத்து வரிசை ஏதோ ஒன்றைத் தத்தெடுத்துக் கத்திக்கொண்டிருந்தது. நானும்தான்.

ஆட வருகிற பையன்களில் பலர் கான்சஸைக் கனவில்கூடப் பார்த்திராதவர்கள். மதிப்பெண் போதாமல் பெரிய கல்லூரி கைவிட்டவர்கள், அங்கே போய் வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பியவர்கள். அமெரிக்கக் கால்பந்தில் இந்த வரிசை இன்னும் நீளம். மைக் ரோசியர் நியூ ஜெர்சியிலிருந்து காஃபிவில்லுக்கு வந்து, நெப்ராஸ்கா போய், 1983இல் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். பின்னால் தொழில்முறைக் கால்பந்தில் பெயர் வாங்கிய டைரீக் ஹில் ஜார்ஜியாவிலிருந்து கார்டன் சிட்டிக்கு வந்தவர். கால்பந்தில் வெளிமாநிலத்தவருக்கு இந்தக் கான்ஃபரன்ஸில் ரொம்ப நாள் உச்சவரம்பு இருந்தது. 2016 வாக்கில் எடுத்துவிட்டார்கள். கல்லூரிச் செலவில் ஒரு பகுதி அந்தந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) சொத்து வரியிலிருந்து வருவதால், "நம் வரியில் யார் வீட்டுப் பிள்ளையோ ஆடுகிறான்" என்ற முணுமுணுப்பு இன்றும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் சனிக்கிழமை இரவு அந்தப் பிள்ளைக்காக எழுந்து நிற்பதும் அதே ஆட்கள்தான்.

மூன்றாம் நாள் என் பக்கத்தில் ஒரு பாட்டி, மடியில் ஸ்பைரல் நோட்டு. ஹட்சின்சனில் ஆடிவிட்டுப் போன பையன்கள் யார் யார், எங்கே போனார்கள் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். கால்பந்து ஆடிய கோர்டரல் பேட்டர்சன், டென்னசி பல்கலைக்கழகம். ஆல்வின் கமாரா, அதுவும் டென்னசி. கமாரா அலபாமாவிலிருந்து வந்து 2014இல் ஒரே ஒரு சீசன்தான் இங்கே ஆடினார். அது போதும்; அவருக்காகப் பாட்டி நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியின் ஆட்டங்களைப் பார்ப்பாராம். பெயருக்கு எதிரே ஊர் எழுதாமல் விட்ட வரிகள்தான் நோட்டில் நிறைய.

இடைவேளையில் என்னைப் பற்றி விசாரித்தார். கோயம்புத்தூரில் பொறியியல் படித்தேன், நான்கு வருஷம் என்றேன். நோட்டை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு வருஷமும் ஒரே ஊரிலா?"