குரங்குக்கு எது உரத்துக் கேட்கிறது?

ஒரு குரங்குக்கு எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்பதைப் பொறுமையிருந்தால் அளந்துவிடலாம். ஆனால், கேட்கும் இரண்டு ஒலிகளில் எது அதற்கு உரத்துத் தோன்றுகிறது என்பது அதன் அனுபவத்தைப் பற்றிய கேள்வி. மனிதர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சம உரப்புக் கோடுகள் (வெவ்வேறு அதிர்வெண் கொண்டிருந்தும் சமமாக உரத்துத் தோன்றும் ஒலிகளை இணைப்பவை) அவ்வாறு கேட்டுப் பெற்ற பதில்களால் ஆனவை. வாய் திறந்து சொல்லாத குரங்கிடம் அதே விடையைப் பெற, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஸ்டெபின்ஸ் 1966-இல் கையாண்ட வழி என்னை மிகவும் கவர்ந்தது.

குரங்கு ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஊகிக்க முடியாத இடைவெளிக்குப் பின் ஒலி வரும். உடனே கையை எடுத்தால் தீனி கிடைக்கும். ஒலியே வராத சுற்றுகளையும் இடையிடையே கலந்து வைப்பார்கள். அவற்றில் கையை எடுத்தால் தீனி கிடைக்காது. இந்த ஏற்பாடு இல்லையென்றால், குத்துமதிப்பாகக் கையை எடுக்கும் குரங்கையும் உண்மையில் கேட்கும் குரங்கையும் பிரித்தறியவே முடியாது. ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஏறத்தாழ பாதி முறை மட்டும் கை எழும் அளவைக் கேட்பு வரம்பாகக் கொள்வார்கள். இத்தகைய சோதனைகளின்படி மகாக் குரங்குகளுக்கு (நம் நாட்டுக் குரங்கும் இந்த இனமே) 40,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளும் கேட்கின்றன; நமக்கோ 20,000 ஹெர்ட்ஸே உச்சம்.

உரப்புக்கான விடையும் அதே கையில்தான் இருந்தது. ஒலி வலுக்க வலுக்கக் கை விரைவாக எழும். ஆகவே 1,000 ஹெர்ட்ஸில் குறிப்பிட்ட டெசிபல் அளவுள்ள ஒலிக்குக் குரங்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மற்ற அதிர்வெண்களில் அதே நேரத்தைத் தரும் அளவுகளைக் கண்டறிந்து இணைத்தால், குரங்கின் சம உரப்புக் கோடு கிடைக்கிறது. சம நேரம் என்பது சம உரப்புதானா என்று ஐயுறுவது நியாயமே. எனினும், சமமாக உரத்துத் தோன்றும் ஒலிகளுக்கு மனிதர்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வினையாற்றுகிறார்கள் என்பதை ஷோஷோல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1940-லேயே காட்டியிருந்தார். இது மறைமுகச் சான்றுதான். ஆனாலும் வலுவானது என்பதே என் எண்ணம்.

ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் உட்செவி மயிர்ச்செல்கள் கெட்டவர்களிடம் இந்த அளவீட்டின் பயன் தெளிவாகத் தெரியும். மெல்லப் பேசினால் “கேட்கவில்லை” என்பார்கள், சற்றுக் குரலை உயர்த்தினால் “ஏன் இப்படிக் கத்துகிறாய்?” என்று கடிந்துகொள்வார்கள். (வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இது அன்றாடச் சண்டை.) வரம்பு உயர்ந்துவிட்டாலும், அதைத் தாண்டியதும் உரப்பு வழக்கத்தைவிட வேகமாக ஏறுவதே காரணம். பேரிரைச்சலால் செவி பாதிக்கப்பட்ட குரங்குகளிடமும் இதே போக்கு கை எழும் நேரத்தில் தென்பட்டது: மெல்லிய ஒலிகளுக்கு அசையாத கை, பலத்த ஒலிகளுக்கு ஏறக்குறைய பழைய வேகத்திலேயே எழுந்தது. வரம்பை மட்டும் அளந்திருந்தால், கேட்கும் திறன் இத்தனை டெசிபல் குறைந்தது என்பதற்கு மேல் எதுவும் பதிவாகியிருக்காது.